முப்பது வருஷ வேலி

“மரத்துல கரையான் எப்பத் தம்பி வரும்?” என்று தங்கமயில் கேட்டாள்.

கடைக்கார நகுல் சிரித்தான். “பயப்படாதீங்க ஆண்ட்டி, மருந்து அடிச்சுத்தான் குடுக்குறோம். அஞ்சாறு மழை ஆராமா தாங்கும்.”

தங்கமயிலின் முகம் வாடியது. ஐந்தாறு மழைக்காலமா!

“மருந்து அடிக்காதது இருக்கா?”

இப்போது நகுலின் முகம் மாறியது. செம்பூரில் இந்த வேலிக் கடையைத் திறந்த நாளிலிருந்து, சீக்கிரம் கெட்டுப்போகிற சரக்கைக் கேட்டு வந்த முதல் ஆள் அவள்தான்.

அவள் கணவர் நயினார் கடையின் மறுகோடியில், வெள்ளை வெளேரென்று நின்ற வினைல் பிளாஸ்டிக் வேலிக்கு முன்னால் இருந்தார். அதைத் தட்டிப் பார்த்தார். தடவிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பாத்திரக் கடைக்காரர், தட்டாமல் எதையும் வாங்க மாட்டார்.

“முப்பது வருஷம் வாரண்டி, அங்கிள். பெயிண்ட் வேணாம், பாலிஷ் வேணாம். மழை பாரிஷ்ல நின்னாலும் குச் நஹி, ஒண்ணும் ஆகாது,” என்று நகுல் அந்தப் பக்கம் ஓடினான்.

“அப்படிச் சொல்லு. இதுல்லா வேலி!”

முப்பது வருஷம் என்றதும் தங்கமயில் பக்கத்திலிருந்த மர வேலியை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

வேலி தோட்டத்துக்கு அல்ல. காலனியின் தரைத்தளத்தில், அவர்கள் வீட்டுக்கும் அப்துல் ரவூப் வீட்டுக்கும் பொதுவாகக் கிடந்த முற்றத்துக்கு. பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பிருந்தே தங்கமயிலும் ரவூபின் மனைவி ராபியாவும் அங்கே உட்கார்ந்துதான் கீரை ஆய்ந்தார்கள். குழம்புக் கிண்ணங்கள் போய்ப் போய் வந்ததில், எது யார் வீட்டுக் கிண்ணம் என்பதே இருவருக்கும் மறந்துபோய்விட்டது.

சண்டை வந்தது ரயிலில்.

சாயங்காலம் ரவூப், வண்டி புறப்படும் வி.டி.யிலேயே ஏறிவிடுவார். அடுத்த ஸ்டேஷன் மஸ்ஜித் பந்தரில் ஏறும் நயினாருக்காகப் பக்கத்து இருக்கையில் கைக்குட்டை போட்டு வைப்பார். போன வாரம், காலில் மாவுக்கட்டோடு ஒருவர் ஏறினார். ரவூப் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு அவரை உட்காரச் சொல்லிவிட்டார்.

நயினார் செம்பூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.

“தர்மம் பண்றவன் தன் சீட்டைக் குடுக்கணும். என் சீட்டைக் குடுக்க நீரு யாருவே?” என்று அவர் கத்தியதற்கு, கூட வந்த கூட்டாளிகள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்புதான் வளர்ந்து வேலிக் கடை வரை வந்திருக்கிறது.

தங்கமயில் அதிகம் படித்தவள் அல்ல. ஆனால் கோபத்துக்குக் கடவுள் கொடுத்த ஆயுசு சின்னது என்று அவளுக்குத் தெரியும். அதைப் போய் யாராவது முப்பது வருஷ வாரண்டியோடு வாங்குவார்களா?

மரம் என்றால் ஒரு மழையில் கறுக்கும். மறு மழையில் ஆடும். அதற்கடுத்த மழையில் பூனை ஏறினாலே சாய்ந்துவிடும். சாய்ந்ததை நிமிர்த்தி வைக்கிற அளவுக்கு அப்போது யாரிடமும் கோபம் மிச்சம் இருக்காது.

திருச்செந்தூர் முருகனிடம் அவள் எத்தனையோ கேட்டிருக்கிறாள். கரையான் கேட்டது இதுதான் முதல் தடவை.

“ஏங்க, மரம்னா கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்லா?”

“குளிர்ச்சி வேணும்னா ஐஸ் வாங்கி வச்சுக்க.”

“இது என்னவோ பாத்ரூம் கதவை வரிசையா நிப்பாட்டுன மாதிரி இருக்கு.”

“இருந்துட்டுப் போட்டும். அவன் மூஞ்சி தெரியப்படாது, அம்புட்டுத்தான்.”

“மரத்துல பூக்கொடி படரவிடலாம்…”

“ஏட்டி, வேலி வாங்க வந்தியா, கல்யாணப் பந்தல் போட வந்தியா?”

நகுல் வாயைப் பொத்திக்கொண்டான். நயினார் வினைல் வேலியைக் கடைசியாக ஒரு தட்டுத் தட்டி, “இதையே போடு,” என்று முடித்துவிட்டார்.

தங்கமயில் அருகிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். இனி ராபியாவை மார்க்கெட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வெண்டைக்காய் பொறுக்குகிற சாக்கில் இரண்டு வார்த்தை பேசலாம்.

நகுல் அளவுகளை எழுத ஆரம்பித்தான்.

“நடுவுல ஒரு கதவு வேணும்,” என்றார் நயினார்.

தங்கமயில் தலை நிமிர்ந்தாள்.

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. மாதிரிக்கு மாட்டியிருந்த வினைல் கதவை ஒற்றை விரலால் தள்ளினார். திறந்தது. இழுத்தார். மூடியது. மறுபடியும் தள்ளினார்.

“மழையில உப்பி இறுகிக்காதுல்லா?”

“மரம்தான் உப்பும் அங்கிள், ஜோர் போட்டு இழுக்கணும். இது மக்கன் மாதிரி வழுக்கும், சின்னக் குழந்தைகூடத் திறக்கும்.”

“இறுகப்படாது. அவனுக்கு வலது தோளு தூக்க வராது. வண்டியில மேல்கம்பியைப் பிடிச்சுக்கூட நிக்க முடியாதவன்.”

சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் நயினார் தொண்டையைச் செருமினார்.

நகுல் எழுதுவதை நிறுத்தாமல், “தாழ்ப்பாள் உங்க பக்கம்தானே?” என்றான்.

“இல்ல. அந்தப் பக்கம்.”

“அரே அங்கிள், அப்ப அவங்க நெனச்ச நேரமெல்லாம் உள்ள வந்துருவாங்களே!”

நயினார் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“பின்ன, கதவு எதுக்குடே?”