ஏழு சுற்று

சிக்கந்தர் ராவுத்தர் வீல்சேரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஜுலைகா அதைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

உத்தமபாளையத்தின் பழைய பள்ளிவாசல் முற்றத்தில், ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நடுவில் பலகை அடித்து, கறுப்புத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். அதை மக்காவிலுள்ள கஃபாவாக நினைத்து எல்லோரும் ஏழு முறை சுற்ற வேண்டும்.

ஜுலைகாவை வழியனுப்ப ராயப்பன்பட்டியிலிருந்து வந்திருந்தார் கிளாரா டீச்சர். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர்கள். ஓய்வு பெற்ற பிறகு இன்றைக்குத்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

நாலாவது சுற்றிலேயே ஜுலைகாவுக்கு மூச்சு வாங்கியது. முக்காடு வியர்வையில் நனைந்து நெற்றியோடு ஒட்டிக்கொண்டது.

"கொஞ்சம் உக்காருங்க டீச்சர். மிச்சத்தை வேற யாராச்சும் தள்ளட்டும்" என்றார் கிளாரா.

"வேணாம் டீச்சர். இவுகளுக்குக் கால் முடியலை. வேற ஆள் தள்ளுனா சரிப்படாது."

ஏழு சுற்றும் முடிந்தது. மதியத் தொழுகைக்குக் கை கால் கழுவ, இன்னொரு பெண் ஜுலைகாவை அழைத்துக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், சிக்கந்தர் எழுந்தார். விறுவிறுவென்று நடந்து, நாலு படி இறங்கி, குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு அதே வேகத்தில் திரும்பி வந்தார்.

கிளாராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணே, உங்க காலுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை டீச்சர். நல்லாத்தான் இருக்கு."

"அப்ப எதுக்கு அவுகளைத் தள்ள வைக்கிறீக? அறுபத்தாறு வயசு அவுகளுக்கு. புனிதப் பயணம் போற மனுசர் பொண்டாட்டிக்கிட்ட இப்படிப் பொய் சொல்லலாமா?"

சிக்கந்தர் பெண்கள் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தணித்தார்.

"ஜுலைகாவுக்கு ஞாபகம் தப்புது டீச்சர். ரெண்டு வருசமாச்சு. ஒண்ணும் ஆகலைன்னுதான் அவ நினைச்சுக்கிட்டு இருக்கா. கையைப் பிடிச்சா, நான் என்ன சின்னப் பிள்ளையான்னு உதறிருவா. போன மாசம் தேனி பஸ் ஸ்டாண்டுல அப்படித்தான் உதறிட்டுப் போயிட்டா. அஞ்சு மணி நேரம் தேடி, எங்கயோ மலைப்பக்கம் வருசநாட்டுல போய்க் கண்டுபிடிச்சோம்."

கிளாரா வீல்சேரின் கைப்பிடியைப் பார்த்தார்.

"அங்கன லட்சக்கணக்குல கூட்டம் வரும். அதான் எனக்குக் கால் முடியலைன்னு சொல்லிட்டேன். அன்னையிலிருந்து இந்தக் கைப்பிடியை விட மாட்டேங்குறா. பாக்கிறவுக என்னை ஏசத்தான் செய்றாக. ஏசட்டும்."

"நீங்க நடந்து சுத்த வேணாமாண்ணே?"

"இருபது வருசமா அந்த ஆசைதான் டீச்சர்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "பொய்யை அல்லாஹ் மன்னிப்பான்."

அதற்குள் ஜுலைகா வருவது தெரிந்தது. சிக்கந்தர் அவசரமாக உட்கார்ந்து, காலை மெதுவாகத் தூக்கி வைப்பதுபோல வைத்தார்.

ஜுலைகா இரண்டு கையாலும் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, கிளாராவின் காதருகில் குனிந்தார்.

"இவுகளைத் தனியா விட்டா எங்கிட்டாவது தொலைஞ்சு போயிருவாக டீச்சர். நீங்க கவலைப்படாதீக. நான் பத்திரமா கூட்டிட்டு வந்துருவேன்."