எத்தனை தட்டு?

சலவைக்கடை திறக்கும் முன் கிடைக்கும் அரைமணியில் பைத்தான் கணினி மொழி கற்றுவந்த சுனிசா, ஒருவழியாக முதல் புரோகிராமை எழுதிவிட்டாள். சாப்பிடுபவர்களின் பெயர்களைக் கொடுத்தால் எத்தனை தட்டு வேண்டும் என்று சொல்லும். தன் பெயர், கணவன் விச்சை, மகள் பிளோய் என மூன்று கொடுத்தாள். நான்கு என்றது.

“பைத்தான் பூஜ்யத்துலேர்ந்து எண்ணும்ல, அங்கதான் கோட்டை விட்டிருப்பே,” என்று விச்சை சிரித்தான்.

“பத்து தடவை பாத்தாச்சு!”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. படிக்கும் மும்முரத்தில், வீட்டைக் காக்கும் மனைத் தெய்வத்துக்கென வாசலில் வைத்திருக்கும் குட்டி வீட்டில், ஒரு வாரமாகப் படையலுக்குச் சிவப்புச் சோடாகூட வைக்கவில்லை.

அன்று மதியம் நான்கு தட்டு வைத்துச் சோறு பரிமாறினாள். மூவரும் சாப்பிட்டு எழுந்தபோது, யாரும் தொடாத நான்காவது தட்டு வழித்தாற்போல் காலியாக இருந்தது. விச்சை அதைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“பாத்தியா,” என்றாள் சுனிசா, பெருமை தாங்காமல். “என் புரோகிராம்ல தப்பே இல்ல.”