சின்னச் சக்கரம்

சீட்டை இறக்கக் கூடாது, சக்கரத்தை மட்டும் சின்னதாக மாற்றித் தர வேண்டும் என்றாள் அந்த அம்மாள்.

மெக்கானிக் இருபத்தெட்டு வருஷமாகச் சைக்கிளோடு மல்லுக்கட்டுகிறவர். இப்படி ஒரு கூத்தை இன்றைக்குத்தான் கேட்கிறார்.

வண்டியை அவள் கொண்டுவந்த அழகே சரியில்லை. ஹேண்டிலை விட்டுவிட்டு, சீட்டின் மேல் கையை வைத்து உருட்டிக்கொண்டு வந்தாள். முன்சக்கரம் குடிகாரன் மாதிரி அங்கேயும் இங்கேயும் திரும்பியது. இப்படித் தள்ளினால் கீழே விழுந்து வாருவீர்கள் என்று வாசலிலேயே ஓர் அதட்டல் போட்டிருந்தார்.

வண்டி என்னவோ நல்ல வண்டி. மலைப்பாதையில் ஓட்டுகிற ரகம். முன்னால் மட்டும் ஸ்பிரிங், பின்னால் கிடையாது. ஹார்ட்டெயில் என்பார்கள். சக்கரம் இருபத்தொன்பது இஞ்ச். அவளோ ஐந்தடிகூடத் தேறமாட்டாள்.

மகனுடைய வண்டியாம். நிறுத்தியே வைத்தால் கெட்டுப்போகும், தினமும் கொஞ்ச தூரமாவது ஓட்ட வேண்டும் என்று அவன் சொல்வானாம். அதனால் இவளே ஓட்டப் போகிறாளாம். கால்தான் எட்டவில்லையாம்.

மகன் ஏன் ஓட்டுவதில்லை என்று அவர் கேட்கவில்லை. வெளியூரில் படிக்கிறான் போலிருக்கிறது என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டார்.

தூணைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காரச் சொன்னார். செருப்புக்கும் பெடலுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. லீவரைத் தளர்த்தி சீட்டை ஓர் அமுக்கு அமுக்கினால் தீர்ந்தது, அரை நிமிஷ வேலை. இதற்குப் போய்ச் சக்கரத்தை மாற்றுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. சொல்லியும் பார்த்தார். அவள் பிடித்த பிடியை விடவில்லை.

அவளிடம் ஒரு கணக்கும் இருந்தது. மகனுக்கு முதலில் பதினாறு இஞ்ச் சக்கரம். அப்புறம் இருபது, இருபத்துநாலு, இப்போது இது. ஆள் உயர உயரச் சக்கரமும் பெரிதாயிற்று. அப்படியானால் குட்டை ஆளுக்குச் சின்னச் சக்கரம்தானே?

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சாக்கட்டியால் சுவரில் படம் போட்டார்.

இருபத்தேழரை போட்டால் வண்டி முக்கால் இஞ்ச் இறங்கும். இருபத்தாறு போட்டால் ஒன்றேகால். டிஸ்க் பிரேக் என்பதால் பிரேக்கும் பிடிக்கும். ஆனால் இறங்குவது மொத்த வண்டியும். சீட்டு இறங்கினால் பெடலும் கூடவே இறங்கும். நடுவிலிருக்கிற நாலு விரல் அப்படியேதான் இருக்கும், பெடல் கல்லில் இடிப்பதுதான் மிச்சம். சின்னப் பிள்ளைகளின் வண்டியில் சக்கரம் மட்டுமா சின்னது, சட்டமே சின்னது.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்துநாலு போட்டால் என்றாள். அப்புறம், இருபது போட்டால் என்றாள்.

எதைப் போட்டாலும் அதே கதைதான் என்றார் அவர்.

சீட்டின் தண்டில் ஆணியால் கிழித்த கோடுகள் இருந்தன. ஒன்றன் கீழ் ஒன்றாக ஐந்து கோடு. பையன் வளர வளர, சீட்டை ஏற்றும்போதெல்லாம் ஒன்று கிழித்திருக்கிறான். கடைசிக் கோடு சட்டத்தின் வாயை ஒட்டி நின்றது.

எமகாதகன்தான், உயரம் குறிக்க வீட்டில் சுவரா இல்லை என்று கேலி செய்தார். அவளும் லேசாகச் சிரித்தாள். அதைப் பார்த்ததும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. கோடு இருக்கும்போது என்ன கவலை, அவன் வந்ததும் அதே கோட்டுக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்றார். பேசிக்கொண்டே இருந்தவரின் கை, பழக்கதோஷத்தில், லீவருக்குப் போய்விட்டது.

"வளர்ற பிள்ளைம்மா. ஆறு மாசத்துல இந்த உயரமும் பத்தாதுன்னு அவனே வந்து நிப்பான். உள்ள இன்னும் ஒரு சாண் தண்டு கிடக்கு."

அவள் அவருடைய கையின் மேல் தன் கையை வைத்தாள். கிரீஸ் அப்பிய கை என்றுகூடப் பார்க்கவில்லை.

"இனிமே ஏத்த வேண்டியதில்லண்ணே. இது அவன் கடைசியா இறுக்கினது."

மெக்கானிக் லீவரிலிருந்து கையை எடுத்தார்.

சுவரிலிருந்த படத்துக்குப் போய், முதலிலிருந்து மறுபடியும் கணக்குப் போட்டார். இருபத்தேழரை. இருபத்தாறு. எங்கேயாவது தப்பியிருக்காதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். தப்பவில்லை. மகன் இறுக்கியது அப்படியே இருக்க வேண்டும், அவளும் ஓட்ட வேண்டும். அதற்கு ஒரு சக்கரம் உலகத்திலேயே இல்லை.

அவர் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. காற்று மட்டும் அடித்துக் கொடுக்கச் சொன்னாள்.

அடித்தார். இரண்டு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். செயினுக்கு எண்ணெய் விட்டார். ஓடாத வண்டிக்கு எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

வந்த மாதிரியே அவள் சீட்டின் மேல் கையை வைத்து வண்டியை உருட்டிக்கொண்டு போனாள். முன்சக்கரம் அங்கேயும் இங்கேயும் திரும்பியது. தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். ஹேண்டிலைப் பிடிக்கச் சொல்லவில்லை.