மறக்கடிக்கும் மருந்து

“மூணு வயசாச்சு, இன்னும் என்ன பால்குடி? மறக்கடிச்சாத்தானே அடுத்தது உண்டாகும்? வயலுக்கு ஆள் வேணாமா?” முற்றத்தில் அரிவாள் தீட்டியபடி கணவன் கத்தினான்.

இன்னொரு பிரசவத்தை அவள் உடம்பு தாங்காது என்று நர்ஸ் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பிள்ளை பால் குடிக்கும்வரைதான் அவளுக்கு ஆயுள்.

மாமியார் கிண்ணத்தில் கறுப்பாக எதையோ குழைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“அத்தே, உங்க கால்ல விழறேன், வேணாம்.”

“வாயை மூடுடி! இந்தக் கசப்புக்கு அவன் ஜென்மத்துக்கும் கிட்ட வரமாட்டான்” என்று அவள் மார்பில் அப்பினாள்.

பிள்ளை மடியேறி வாய் வைத்தான். துப்பப்போகிறான் என்று அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். அவனோ சப்புக்கொட்டிக் குடித்தான்.

“டேய், உன் பிள்ளை கசப்புக்கெல்லாம் மசியமாட்டேங்கிறான்டா!” என்று மாமியார் முற்றத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

மருமகள் தன் மார்பில் அப்பியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

வெல்லப்பாகு.