மாப்பிள்ளை பார்த்த பொம்மைப் படம்

"முப்பது தாண்டின ஆம்பிளை பொம்மைப் படம் பாக்கிறானாம்! இவனுக்கோ நான் பிள்ளையைக் குடுக்கிறது?"

றீற்றா கோழியை வெட்டிய வெட்டில் குசினிப் பலகை அதிர்ந்தது.

சண்டை மூண்டு, கடற்கரைப் பக்கம் கால் வைக்க ஏலாமல், பொழுதுபட முதலே திருகோணமலை கதவைச் சாத்திக்கொண்ட காலம் அது. பொழுதுபோகாத ஊருக்கு ஒரு கதை கிடைத்தால் விடுமா? துறைமுகத்தில் கிறேன் ஓட்டும் டொமினிக், கிழமை தவறாமல் ஜப்பான் பொம்மைப் பட சீடி எடுக்கிறான் என்பது ஆட்டோக்காரர் வரைக்கும் தெரியும்.

மகள் சீலாவுக்கோ டொமினிக்கில்தான் விருப்பம். மாதா கோயிலில் கடைசி வாங்கு வரிசையில் நின்று சுருதி தப்பித் தப்பிப் பாடும் அந்த மனிசனைத் தவிர வேறு ஆரையும் கட்ட அவளுக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அம்மாவோ முகத்துக்கு நேரே கேட்டு அனுப்பிவிடுகிற எண்ணத்தில் நிற்கிறாள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு சிநேகிதி றம்ஸியாவின் சீடிக் கடைக்குப் பறந்தாள் சீலா.

"அந்தப் படங்களைப் பற்றி எல்லாம் சொல்லித் தா. நானும் பாக்கிறனான் எண்டு சொல்லப் போறன். அம்மா மகளையும் பைத்தியம் எண்டு சொல்லுவாவோ?"

றம்ஸியாவுக்கு வாயெல்லாம் பல். "முதல்ல, பொம்மைப் படம் எண்டு சொல்லாத புள்ள. அனிமே! பொடியன்மாருக்கு எடுக்கிறது ஷோனன். அடிக்க முதல் அடியின்ர பேரைக் கத்திச் சொல்லுவாங்க."

"சொன்னா மற்றவன் ஓடிப்போயிடுவானே?"

"ஓட மாட்டான். நிண்டு கேப்பான். பொம்பிளைப் புள்ளைகளுக்கு ஷோஜோ. கண் கோப்பை அளவில இருக்கும். காத்தடிக்கும், பூக் கொட்டும், அழுவாங்க. தென்னை உயரத்துக்கு ரோபோ வந்து, அதுக்குள்ள ஆள் ஏறி ஓட்டினா மெக்கா."

"ஒண்டுமே நடக்காம, சமைச்சுச் சாப்பிட்டு, மழையைப் பாத்துக்கொண்டிருக்கிற கதை இல்லையே?"

"அதுவும் இருக்கு. அன்றாட வாழ்க்கை எண்டு தனி வகை."

"அடி, அதைத்தான் நான் பாக்கோணும்!"

"இந்த ஊரில அதுக்குத்தான் கிராக்கி. பிறகு, கதை நகராம இழுத்தடிக்கிற பகுதிக்கு ஃபில்லர் எண்டு பேர்."

"சமாதானப் பேச்சுவார்த்தை மாதிரி?"

"மெல்லக் கதை, வெளியில ஆமி நிக்குது! வெளியில வள்ளெண்டு பாய்ஞ்சு உள்ளுக்குள்ள உருகிற ஆக்கள் சுண்டெரே."

"எங்கட அம்மா!"

இரண்டு பேரும் மேசையில் தலை வைத்துச் சிரித்தார்கள்.

"சரி, டொமினிக்குக்கு எது விருப்பம்?"

"ஆருக்குத் தெரியும்? படம் எப்பிடி எண்டு கேட்டா, 'நல்லா இருந்ததாம்' எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவார். கடைசியா எடுத்தது இதுதான், தமையனைத் தேடிப் போற பெட்டையின்ர கதை."

சீடி உறையில் ஒரு பெண் கோப்பைக் கண்ணால் அழுதுகொண்டிருந்தாள். சுற்றிவரப் பூ. சீலா மனதில் குறித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை டொமினிக் தகப்பனோடு வந்தான். தகப்பன் இராஜநாயகம் துறைமுகக் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர், கோயில் பாடகர் குழுவுக்குத் தலைவர். அவர் சிரித்து ஆரும் கண்டதில்லை.

றீற்றா பொரித்த ரோல்ஸ் தட்டை வைத்த கையோடு தொடங்கினாள். "தம்பி பொம்மைப் படம் பாக்கிறீங்களாம்."

டொமினிக்கின் காது சிவந்தது. "ஓம் அன்ரி."

"எத்தினை தரம் சொல்லிப்போட்டன்!" இராஜநாயகம் கதிரைக் கையில் தட்டினார். "குழந்தைப்பிள்ளை வேலை! ஊருக்குள்ள எனக்குத் தலை காட்ட ஏலாமக் கிடக்கு."

"கலியாணத்துக்குப் பிறகு நிப்பாட்டுவீங்களோ, தம்பி?"

டொமினிக் தகப்பனைப் பார்த்தான். தகப்பன் மின்விசிறியைப் பார்த்தார்.

"அது மட்டும் ஏலாது, அன்ரி. வேற என்னெண்டாலும் சொல்லுங்கோ."

றீற்றா ரோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். அந்த வீட்டில் தட்டு உள்ளே போனால் சம்பந்தம் முறிந்த மாதிரி.

"நானும் பாக்கிறனான்!" என்று கத்தினாள் சீலா.

"என்னடி?"

"ஓம் அம்மா!" டொமினிக்கின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு ஷோனனோ ஷோஜோவோ விருப்பம்?"

டொமினிக் முழுசினான். "ரெண்டும்... ரெண்டிலயும் நல்லா நடிச்சிருக்கினம்."

பதறிய பதறலில் சீலா அதைக் கவனிக்கவில்லை. "எனக்கெண்டா, தமையனைத் தேடிப் போற பெட்டையின்ர கதைதான். என்ன அருமையான ஷோஜோ!"

"ஷோஜோ இல்லைப் பிள்ளை, மெக்கா!"

சொன்னது டொமினிக் இல்லை.

இராஜநாயகம் கதிரை நுனிக்கே வந்துவிட்டார். "அவள் அழுதாப்போல ஷோஜோ ஆகிடுமே? தமையன் விட்டிட்டுப் போன ரோபோவை அவளெல்லோ ஓட்டுறாள்! புயலுக்குள்ள, ஒற்றைக் கையால..."

அவருடைய கை ஆகாயத்தில் ரோபோ ஓட்டியபடியே நின்றுபோனது. வாயும் நின்றது.

"நான் பாக்கேக்க அப்பான்ர காதில விழுந்திருக்கும், அன்ரி," என்றான் டொமினிக் அவசரமாக. "அவர் உதெல்லாம் பாக்கிறேல்லை."

சீலாவுக்கு எல்லாம் விளங்கியது. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அம்மாவைப் பார்க்கப் பயமாக இருந்தது.

றீற்றா தட்டோடு நின்றாள். மகனைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள், திரும்பவும் மகனைப் பார்த்தாள். பிறகு தட்டைக் கொண்டுவந்து இராஜநாயகத்துக்கு முன்னால் வைத்தாள்.

"ஒரு ரோல்ஸ் எடுங்கோ சம்பந்தி. எடுத்துப்போட்டுச் சொல்லுங்கோ, அந்தப் பிள்ளை தமையனைக் கண்டுபிடிச்சாளோ இல்லையோ?"