அஞ்சு இருவது நூறு

சிதம்பரம் மேல வீதி பிரவுசிங் சென்டரில் பிரின்டர் கரகரக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த மின்னஞ்சலை பிரிசில்லா மூன்றாம் முறையாக வாசிக்கிறாள். உயிரிப் புள்ளியியல் மேற்படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. பக்கத்தில், பலாப்பால் கறை படிந்த வேட்டியோடு அப்பா ஆரோக்கியராஜ், பண்ருட்டி பலாப்பழ வியாபாரி. ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தபோது, ஒவ்வொன்றிலும் இருபது சதவீதம்தான் வாய்ப்பு என்று அவள் சொல்ல, "அஞ்சு இருவது நூறு, கெடச்சிடும் போ" என்றவர். அப்படிக் கூட்டக்கூடாது, ஏதாவது ஒன்றில் கிடைக்க அறுபத்தேழு சதவீதம்தான் வரும் என்று அன்றைக்கு எழுதியே காட்டினாள். பிறகு நான்கு இடங்கள் கைவிரித்தன. இது ஐந்தாவது. திரையைத் தொடப் போன அப்பா, விரலை வேட்டியில் துடைத்துக்கொள்கிறார். "நூறு வந்துடுச்சா பாப்பா?" திருத்த வாய் திறந்தவள், சூடு ஆறாத தாளை அவர் கையில் வைக்கிறாள். "வந்துடுச்சுப்பா. நூறுதான்."