வளராமல் இருக்க இருபது நாள்

முழங்காலுக்குக் கீழே ஆணி இறக்கியதுபோல் வலித்தது. தடை ஓட்டத்தில் பள்ளிக்கே பெயர் வாங்கித் தந்த செங்கொடி, எட்டு மாதத்தில் நாலு அங்குலம் வளர்ந்துவிட்டாள். காலடி வீச்சு நீண்டுபோனதால் இப்போது ஒவ்வொரு தடையிலும் போய் மோதுகிறாள்.

“எலும்பு முந்திக்கிச்சு, தசை பின்னாடி இழுபடுது. மூணு மாசம் ஓடக் கூடாது” என்றார் டாக்டர்.

செங்கல் சூளையிலிருந்து நேராக வந்திருந்த அம்மா கேட்டாள்: “கல்லு சுமக்கலாமா சார்?” டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

மாவட்டப் போட்டிக்கு இருபதே நாள். பி.டி. மாஸ்டர் கெஞ்சினார்: “அதுவரைக்கும் வளராம இரும்மா. அப்புறம் தென்னமரமா வளந்துக்க.”

“எல்லாம் நீங்க குடுத்த முட்டைதான் சார்” என்றாள் அம்மா.

ஒரு வருடமாகத் தினமும் செங்கொடிக்கு முட்டை வாங்கித் தந்தவர் அன்றே நிறுத்தினார். சுவரில் அவள் உயரத்துக்குச் சாக்பீஸ் கோடும் போட்டார். போட்டிக்கு முந்தின நாள் நிற்க வைத்துப் பார்த்தால், முட்டை இல்லாமலே கால் அங்குலம் ஏறியிருந்தாள்.

மறுநாள் மைதானத்தில் அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். வலிக்கும் காலை நீட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. அவர் கணக்கில், ஒரு வருஷ முட்டைக்கு ஒரு மெடல் இன்னும் பாக்கி.